இடதுபக்கம் ஆறு மில்லிமீட்டர்

மார்ச் 4

அக்காவுக்கு,

உறையின் பின்னால் என் கையெழுத்தைப் பார்த்திருப்பாய். பார்த்த பிறகும் பிரித்திருக்கிறாய் என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்க எனக்கே வெட்கமாக இருக்கிறது, அதனால் கேட்கவில்லை.

நீ ஸ்பிரிங் பட்டறையில் இருப்பதாக மோட்டாருக்குக் காயில் கட்டும் நண்பன் சொன்னான். ஏதோ சாமான் வாங்க அங்கே வந்திருக்கிறான். "உங்கக்கா பெரிய பிரஸ் முன்னாடி நிக்குது, போர்மேனே அதுகிட்ட கேட்டுட்டுத்தான் ஆர்டர் எடுக்குறாரு" என்றான். அவனிடம்தான் விலாசம் வாங்கினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அது போதாதென்று குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து கம்பி வைத்திருக்கிறார்கள். இப்போது நடக்கிறாள். ஆனால் காலை 38 சென்டிமீட்டருக்கு மேல் தூக்க வரவில்லை. சுவரில் கோடு போட்டு அளந்தேன். நான் பம்பு ரிப்பேருக்கு ஓட்டிப் போகும் உயரமான பழைய வண்டியில் ஏறும் இடம் 42. அந்த நாலு சென்டிமீட்டரில்தான் எங்கள் உயிர் போகிறது. ஸ்டூல் போட்டோம், அது ஆடி, அம்மா என் மேல் சாய்ந்துவிட்டாள். ஒருநாள் நானே தூக்கி உட்கார வைத்தேன். எதிர் மாடியில் யாரோ நின்று பார்த்தார்கள். "என்னை மூட்டைன்னு நெனச்சியா" என்றாள். அதோடு இரண்டு நாள் பேச்சில்லை. உனக்குத் தெரியாததா.

வண்டியை இறக்கிவிடலாம் என்று யோசனை. எங்கள் தெருமுனை மெக்கானிக்குக் கிரைண்டர் என்றே பெயர், எதைக் கொடுத்தாலும் முதலில் இரும்பு வெட்டும் அந்த மெஷினைத்தான் கையில் எடுப்பார். "ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து வெட்டிட்டா வண்டி தானா உக்காரும். ஒரு மணி நேர வேலை" என்கிறார். வெட்டலாமா? இல்லை, கடையில் விற்கும் குட்டை ஸ்பிரிங்கை வாங்கிப் போடலாமா? ரெண்டு விரல் இறங்கினால் போதும்.

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

தம்பி


மார்ச் 11

தம்பி,

வெட்டாதே. மற்றதை அப்புறம் படி. முதலில் அந்தக் கிரைண்டரிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா.

வெட்டிய ஸ்பிரிங் வண்டி நிற்கும்போது சாதுவாகத்தான் இருக்கும். குழியில் சக்கரம் கீழே தொங்கும்போது, நீளம் போதாமல் தான் உட்கார்ந்திருக்கும் கிண்ணத்தை விட்டுக் கழன்று நிற்கும். திரும்ப மேலே வரும்போது அதே இடத்தில் போய் உட்கார வேண்டும் என்று அதற்கு என்ன தலையெழுத்து. அதோடு, சுற்றைக் குறைத்தால் ஸ்பிரிங் விறைத்துப் போகும். இடுப்பில் கம்பி வைத்தவளை அதன்மேல் உட்கார வைத்தால் ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு குழியும் அவள் எலும்பில்தான் இறங்கும். கடையில் விற்பதும் வேண்டாம். அது வளைவில் வேகமாகப் போக ஆசைப்படுகிறவர்களுக்குச் செய்தது, அதுவும் விறைப்புதான்.

ரெண்டு விரல் என்று எழுதியிருக்கிறாய். யார் விரல்? உன் விரலா, கிரைண்டர் விரலா? ரெண்டு விரல் இறக்குவது வேறு, ரெண்டு விரலுக்கு இறக்குவது வேறு. முதலாவது என்றால் நாற்பது மில்லி இறங்கும். இரண்டாவது என்றால் டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் ரெண்டு விரல்தான் மிஞ்சும், முதல் குழியிலேயே டயர் தகரத்தைத் தேய்க்கும். இங்கே மாதத்துக்கு ஒருவராவது இந்த ஒரு 'க்கு'வில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். மில்லிமீட்டரில் எழுது.

சக்கரத்தின் நடுவிலிருந்து மேல் வளைவு வரை நாலு பக்கமும் அள. வண்டியில் யார் எங்கே உட்காருவார்கள், என்ன எடை, பின்னால் என்ன சாமான் கிடக்கும், எல்லாம் வேண்டும். உன் எடையைப் பள்ளிக்கூட நாளில் சொன்ன மாதிரி அஞ்சு கிலோ குறைத்துச் சொல்லாதே.

போன் பண்ண வேண்டாம். பட்டறைக் கூடத்தில் பத்துப் பேர் முன்னால் நின்று பேச என்னால் ஆகாது. பேசினால் கத்துவேன்.

இதை அவளுக்காகச் செய்வதாக நினைக்காதே. கையில் கட்டோடு வந்து நின்றவளிடம் "கட்டுப் பிரிச்சதும் அங்கயே போயிடு" என்று சொன்னவள் அவள். கையை உடைத்த புருஷனிடமே போகச் சொன்னாள். நீ பக்கத்து அறையில் இருந்தாய். டிவி சத்தத்தைக் கூட்டினாய். கட்டுப் பிரித்த அன்றைக்கே கிளம்பினேன், அவள் சொன்ன இடத்துக்குத்தான் போகவில்லை. அந்த டிவி சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

கிரைண்டரிடம் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டார். "உங்கக்கா இஞ்சினியரா" என்று கேட்டார். அதற்கும் மேலே என்றேன்.

அளவுகள். வண்டி காலியாக நிற்கும்போது பின்பக்கம் இரண்டும் 450, முன்பக்கம் இரண்டும் 435. நான் 71 கிலோ, சத்தியமாக. பின்னால் பம்பும் பைப்பும் டூல்ஸ் பெட்டியும் சேர்த்து 60, எல்லாம் நடுவில்தான் இருக்கும். அம்மா பின் சீட்டில் இடதுபக்கம் உட்காருவாள், அங்கேதான் காலை நீட்ட இடமிருக்கிறது. அம்மாவின் எடை உனக்குக் கிராம் கணக்கில் கிடைக்கும், ஒவ்வொரு தடவையும் மெஷினில் ஏற்றி எழுதுகிறார்கள். போகும்போது 46, உடம்பில் தேங்கிய நீரை எடுத்த பிறகு வரும்போது 44.

டிவியைப் பற்றி எழுதியிருந்தாய். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்றுதான் கூட்டினேன். இருபத்திரண்டு வயதில் எனக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது. எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. நீயும் பக்கத்து அறைக் கதவைத் தட்டி "எந்திரிச்சு வாடா" என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கிளம்பும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆறு வருடமாக அம்மாவை மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இழுத்துக்கொண்டு அலைவது நான் ஒருவன்தான். அதையும் எங்கேயாவது எழுதிவைத்துக்கொள்.

உன் கடிதம் வந்தபோது அம்மா கூடத்தில் இருந்தாள், மறைக்க முடியவில்லை. ஸ்பிரிங் நீதான் செய்கிறாய் என்று சொல்லிவிட்டேன். "அவளுக்கு இரும்பப் பத்தி என்ன தெரியும்" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பி,

46 என்று எழுதியிருக்கிறாய். 64ஐத் திருப்பிப் போட்டுவிட்டாயோ என்று இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்த அம்மா 65க்குக் குறையாதவள். பிறகு 44ஐப் பார்த்தேன், இரண்டு தடவை தவறு செய்ய மாட்டாய் என்று விட்டுவிட்டேன்.

46க்கே செய்கிறேன். திரும்பி வரும்போது இரண்டு கிலோ குறைந்தால் வண்டி அரை மில்லி தூக்கும், அது யாருக்கும் தெரியாது.

ஸ்பிரிங்கில் இரண்டு வகை. ஒன்று, முதலில் மெத்தென்று இருந்து பாரம் ஏற ஏற விறைக்கும். உன் பம்புகளுக்கு அது நல்லது என்று போர்மேன் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அவள் உட்கார்ந்திருக்கும்போது நீ நாலு பம்பு ஏற்றினால் அது விறைத்துக்கொள்ளும். கடைசிவரை ஒரே சீராக அமுங்கும் ஸ்பிரிங்தான் போடுகிறேன், மூன்று கிலோவுக்கு ஒரு மில்லி. நாலு ஷாக் அப்சார்பரையும் மாற்று. பழைய ஷாக்கின் நீளம் இதற்கு ஒத்துவராது.

இதைக் கவனமாகப் படி. அவள் ஒருபக்கமாக உட்காருவதால் இடது பின்பக்கம் ஒன்பது மில்லி அமுங்கும், வலது மூன்றுதான் அமுங்கும். அப்படியே விட்டால் வண்டி ஒருபக்கம் சாய்ந்து ஓடும், அவள் வழி முழுக்கக் கதவில் சரிந்துகொண்டு வருவாள். அதனால் இடது பின் ஸ்பிரிங்கை ஆறு மில்லி நீளமாகச் செய்கிறேன். நீயும் சாமானும் இருந்து பின் சீட் காலியாக இருந்தால் இடது 409, வலது 403 காட்டும். பார்க்கக் கோணலாக இருக்கும், பயப்படாதே. அவள் ஏறி உட்கார்ந்ததும் இரண்டும் 400க்கு வந்துவிடும். அவள் உட்கார்ந்தால்தான் அந்த வண்டி சமமாக நிற்கும். அவள் ஏறுவதற்கு முன்னாலேயே ஏறும் இடம் 38க்கு வந்துவிடும், அதற்கும் கணக்குப் போட்டிருக்கிறேன்.

எங்கள் பட்டறையில் இப்படி ஒரு ஆளின் எடைக்கு யாரும் ஸ்பிரிங் செய்ததில்லை. "ரேஸ் வண்டியா" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

இரும்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்றா கேட்டாள். நல்ல கேள்வி. என் மணிக்கட்டுக்குள்ளும் ஒரு கம்பி இருக்கிறது, மழை வந்தால் முதலில் அதுதான் சொல்லும். ஒன்று மட்டும் அவளிடம் சொல். ஸ்பிரிங் அவளுக்கு, கேட்பது நீ. அவளுக்கு வேண்டுமென்றால் அவள் கேட்கட்டும். "செய்து கொடு" என்று அவள் கையால் ஒரு வரி வந்தால் போதும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

இருபது நாளில் தயாராகிவிடும்.

அக்கா


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

இருபது நாள் தாண்டி ஆறு நாளாகிறது. புது ஷாக் நாலும் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பார்சல் ஆபீஸுக்கு இரண்டு தடவை போய்வந்தேன். அங்கிருக்கும் அம்மாள் என்னைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிடுகிறார்.

அம்மா எழுத மாட்டாள். உனக்கே தெரியும். பேனாவைப் பிடித்தால் கையும் நடுங்குகிறது, ஊசி குத்திக் குத்தி அந்தக் கை மரத்துப் போயிருக்கிறது. அதை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளேன்.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. போன வாரம் ஏறும்போது கால் தடுக்கி முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்துவிட்டது. அதிலிருந்து வண்டியைப் பார்த்தாலே நின்றுவிடுகிறாள். தூக்கவும் விடமாட்டாள். வாடகை வண்டி விடியற்காலை ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லும், வராது. போன வாரம் ஒரு நாள் டயாலிசிஸுக்குப் போகவில்லை. இந்த வாரமும் ஒரு நாள். "ஒரு நாள் போகலேன்னா என்ன, செத்தா போயிடுவேன்" என்கிறாள். முகம் ஊதியிருக்கிறது. நர்ஸ் என்னைத்தான் பிடித்துத் திட்டினார்.

சீக்கிரம் அனுப்பு அக்கா. கோபத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தம்பி


மே 4

தம்பி,

ஸ்பிரிங் காய்ச்சும் உலையின் உள்சுவர் விரிசல் விட்டுவிட்டது. அதைக் கட்டி, காயவைத்து, திரும்பப் பற்றவைக்கும்வரை எந்த ஸ்பிரிங்கும் நகராது. உனக்கு முன்னால் நாற்பது ஆர்டர் நிற்கிறது. எல்லாரையும் போல நீயும் வரிசையில் நில். நான் இங்கே வேலை பார்ப்பவள், முதலாளி இல்லை.

தூக்க விடமாட்டாள் என்றால் அவளைக் கேட்காமலே தூக்கு. ஆறு வருடமாக அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினாய், ஒரு நாள் மாற்றிச் செய்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். சரி. நடுங்கின கையால் ஒரு வரி எழுதினால் எனக்குப் படிக்கத் தெரியும்.

அக்கா


மே 20

தம்பி,

இன்று பார்சலில் போட்டிருக்கிறேன். நாலு ஸ்பிரிங், ஒவ்வொன்றிலும் பெயின்டில் எழுதியிருக்கிறது. இடது பின் ஸ்பிரிங்கில் மஞ்சள் புள்ளி. மாற்றிப் போட்டுவிடாதே. கிரைண்டர் மாட்டட்டும், ஆனால் அவர் கையில் இருப்பதை முதலில் வாங்கிக் கீழே வை.

மாட்டிய பிறகு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டு. பிறகு நீ ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து, சாமானை ஏற்றி, அவளைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பின்பக்கம் இரண்டையும் அளந்து எழுது. அவள் ஏறும்போது கால் எட்டுகிறதா என்றும் எழுது. அது எனக்குத் தெரிய வேண்டும்.

அவள் எதுவும் சொல்ல வேண்டாம். கேட்டதை விட்டுவிட்டேன்.

அக்கா


ஜூன் 8

அக்காவுக்கு,

ஸ்பிரிங் வந்தது. மாட்டியாகிவிட்டது. கிரைண்டர் மஞ்சள் புள்ளியைத் தடவித் தடவிப் பார்த்தார். "மெஷின் கூட இப்படிச் சுத்தாது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

வண்டி நன்றாக ஓடுகிறது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேலேயே ஓட்டிவிட்டேன். குழியில் விழுவதே தெரியவில்லை. பைப்புகள் சத்தம் போடுவது நின்றுவிட்டது. பம்புக் கடைக்காரர் ஒருவர் யார் செய்த வேலை என்று விசாரித்தார்.

நீ கேட்ட அளவுகள். நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன், சாமான் ஏற்றியிருந்தது, கிரைண்டர் அளந்தார். இரண்டு தடவை அளக்கச் சொன்னேன்.

இடது பின் 409.
வலது பின் 403.

தம்பி


ஜூன் 14

தம்பி,

உன் கடிதம் மூன்று நாளாக மேஜைமேல் கிடக்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோய் பிரஸ் பக்கத்தில் வைத்துக்கொண்டும் பார்த்தேன்.

ஸ்பிரிங்கை இடம் மாற்றிப் போட்டிருந்தால் வலதுபக்கம்தான் தூக்கி நிற்கும். இடது தூக்கியிருப்பதால் சரியாகத்தான் மாட்டியிருக்கிறீர்கள். புது ஸ்பிரிங் கொஞ்ச நாளில் அமுங்கும், தானாக உயராது. நான் சுற்றியதில் தப்பு இருக்கலாம் என்று என் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். பிரஸ்ஸில் வைத்து அமுக்கி எழுதிய எடைகள் நாலும் சரியாக இருக்கின்றன. கிரைண்டர் அளந்ததில் தப்பு என்று வைத்துக்கொண்டால், தப்பாக அளக்கிறவருக்கு நான் எழுதிய எண் அப்படியே, இரண்டு பக்கமும், மில்லி பிசகாமல் எப்படி வரும்?

நான் அவளை உட்கார வைத்து அளக்கச் சொன்னேன். நீ எழுதியிருப்பது பின் சீட் காலியாக இருக்கும்போது வரும் அளவு. அவசரத்தில் அவள் ஏறுவதற்கு முன்னால் அளந்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் நீ இரண்டு தடவை அளக்கச் சொன்னேன் என்கிறாய். கால் எட்டியதா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஒரு பக்கக் கடிதத்தில் கிரைண்டர் இருக்கிறார், பம்புக் கடைக்காரர் இருக்கிறார், பைப்பு கூட இருக்கிறது. அம்மா என்ற சொல் ஒரு இடத்தில் கூட இல்லை.

அவள் எங்கே?

அக்கா


ஜூன் 21

அக்காவுக்கு,

மே 14, காலையில். இரண்டு வரியில் எழுதிவிடலாம் என்று ஒரு மாதமாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். கை வரவில்லை. இரண்டு பக்கமும் 400 என்று ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு கிழித்துவிட்டு உண்மையான அளவை எழுதினேன். நீ பார்த்ததும் தெரிந்துகொள்வாய் என்று எனக்குத் தெரியும். வாயால் சொல்ல வராததை அப்படிச் சொன்னேன். அது கோழைத்தனம்தான், டிவி சத்தத்தைக் கூட்டிய அதே ஆள்தான் நான்.

கடைசி மூன்று வாரத்தில் ஐந்து நாள் டயாலிசிஸுக்குப் போகவில்லை. நீ எழுதிய மாதிரி ஒரு நாள் அவளைக் கேட்காமலே தூக்கினேன். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா அழுது நான் பார்த்ததில்லை, கீழே இறக்கிவிட்டேன். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்றார்கள். அன்றைக்கு ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து ஏற்றினார்கள். அதற்கு மட்டும் மறுப்புச் சொல்ல அவளுக்கு நினைவில்லை.

பத்து மணிக்கு உன் பட்டறைக்குப் போன் செய்தேன், நீ வேண்டாம் என்றிருந்தும். எடுத்தவர், சம்மட்டிச் சத்தத்துக்கு நடுவில், "அவங்க டெஸ்டிங்ல இருக்காங்க, நீங்க யாரு பேசுறது" என்று கேட்டார். தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆறு வருடமாக உனக்குத் தம்பி என்று ஒருவன் இருப்பதே அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. வைத்துவிட்டேன். எல்லாம் முடிந்து ஆறு நாள் கழித்து நீ போட்ட பார்சல் நாலு நாளில் வந்தது. பார்சல் ஆபீஸ் அம்மாள் முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். என்ன செய்வதென்று தெரியாமல் மாட்டிவிட்டேன்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்லாமல் விட்டிருந்தேன். ஏப்ரல் கடைசியில் அம்மா ஏற முடியாமல் தெருவிலேயே உட்கார்ந்த அன்று, கிரைண்டர் வீட்டு வாசலுக்கே வந்தார். "இப்பவே வெட்டித் தர்றேன், சாயங்காலத்துக்குள்ள ஏறிப் போகலாம்" என்றார். நானும் சரி என்று சாவியை எடுத்தேன். அம்மாதான் வேண்டாம் என்றாள். "அவ செஞ்சு அனுப்பட்டும். அவ செஞ்சா சரியா இருக்கும்." அதற்குப் பிறகு யார் என்ன சொல்லியும் கேட்கவில்லை, அதே பேச்சுதான். உனக்கு எழுதப் போகிறேன் என்றேன். "இதப் போயி அவளுக்கு எழுதித் தொலைக்காத, தலைக்கு ஏறிடும்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நான் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும். நீ ஒரு வரி கேட்டுக்கொண்டிருந்தாய், அது என் சட்டைப்பையில் இருந்தது.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உலை உடைந்ததற்கு நீ என்ன செய்வாய். உன் கையில் இருந்தால் நீ அனுப்பியிருப்பாய் என்று அம்மாவிடமும் சொன்னேன்.

தம்பி


ஜூன் 29

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போனேன். வேறென்ன செய்வது. போர்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். வீடு என்று இங்கே இருப்பது மாடியில் ஒரு அறை, ஒரு ஜன்னல், கீழே டயர் கடை. அங்கே போய் என்ன செய்ய. மாலை வரை பிரஸ் முன்னாலேயே நின்றேன்.

அழுகை வந்தது. எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். ஆறு வருடம் அவள்மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "அவ செஞ்சா சரியா இருக்கும்" என்றாளா. என் வாழ்நாளில் அவள் எனக்குச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான், அதையும் என்னிடம் சொல்லாதே என்றுதான் சொல்லியிருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே புத்தி.

நீ உன்னைத் திட்டிக்கொள்கிறாய். சட்டைப்பை, டிவி என்று என்னென்னவோ எழுதியிருக்கிறாய். அதை நிறுத்து. என் மேல் கோபம் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தைத்தான் நீ திருத்த வேண்டும். அதைத் திருத்தாமல் உன்னிடமிருந்து இன்னொரு கடிதம் வாங்க எனக்கு யோக்கியதை இல்லை.

உலை உடையவில்லை. ஒரு நாள் கூட அணையவில்லை. உன் ஸ்பிரிங் நாலும் ஏப்ரல் 21ஆம் தேதியே முடிந்துவிட்டன. அமுக்கிப் பார்த்து, பெயின்ட் அடித்து, மஞ்சள் புள்ளி வைத்து, சாக்கில் சுற்றி என் மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன். அன்றைக்கே போட்டிருந்தால் 25ஆம் தேதி உன் கையில் இருந்திருக்கும். அவள் போகாமல் விட்ட ஐந்து நாளில் குறைந்தது மூன்று நாள் போயிருப்பாள். உன் ஏப்ரல் கடிதத்தை, முகம் ஊதியிருக்கிறது என்ற அந்தக் கடிதத்தை, அந்தச் சாக்கின் மேல் கால் வைத்துக்கொண்டுதான் படித்தேன். படித்துவிட்டு உலையைப் பற்றிப் பதில் எழுதினேன்.

அவள் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். எழுத மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்திருந்தேன்.

அக்கா